ஆசா விட்காம்ப் அழைத்துவந்த வேட்பாளர்

எங்கள் ஊரிலேயே அழகான கையெழுத்து ஆசா விட்காம்புக்குத்தான். அந்த ஒன்றை வைத்துக்கொண்டு மனிதர் போட்ட ஆட்டம் கொஞ்சமல்ல. மண்வெட்டி பிடித்தால் எழுத்து கெட்டுவிடுமாம். சோள வயலில் மனைவி லவீனா தனியாக மாரடித்தாள்.

1852 கோடையில் அவருக்கு ஒரே கனவு. ஊருக்குத் தபால் நிலையம் வர வேண்டும், அதில் அதிகாரியாகத் தான் உட்கார வேண்டும். அயோவா மாநிலத்திலிருந்து காங்கிரசுக்கு, அதாவது அமெரிக்க நாடாளுமன்றத்துக்கு, நின்ற டில்லிங்ஹாம் மனசு வைத்தால் நடக்கும். எங்கள் ஊரில் தேர்தல் கூட்டம் போட்டுப் பேச வரும்படி ஆசா அவருக்கு மூன்று கடிதம் எழுதினார். எங்கள் ஊர் மொத்தமே நாற்பது வீடு. கடிதத்தில் டில்லிங்ஹாமுக்கு இரண்டாயிரம் விசுவாசிகள்.

கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்பு அரசாங்கத்து நில அளவைக்காரர்கள் வந்து, ஊருக்குத் தெற்கே ஓடைக்கரையில் மாநில எல்லைக் கம்பத்தை நட்டுவிட்டுப் போனார்கள். அதற்கு வடக்கே, எங்கள் ஊர் உட்பட, மினசோட்டா. இன்னும் மாநிலமே ஆகாத பிரதேசம். அயோவா தேர்தலில் எங்களுக்கு இனி ஓட்டில்லை. கொல்லனான நான் ஆசாவிடம் சொல்லிப் பார்த்தேன்.

"யோவ், அது நிலம் அளக்க நட்ட கம்பம். உனக்கு லாடம் அடிக்கத் தெரியும், அரசியல் தெரியுமா?" என்றார்.

நான் வாயை மூடிக்கொண்டேன். ஊரும் மூடிக்கொண்டது. கூட்டமென்றால் முழு எருதைக் குழியில் வாட்டுவார்கள். அதை யார் கெடுத்துக்கொள்வார்? ஆசா தன் உழவு எருதையே கொடுத்தார். லவீனா அவரோடு பேச்சை நிறுத்திவிட்டாள்.

டில்லிங்ஹாம் வந்தார். வெட்டிய மரத்தின் அடிக்கட்டைமேல் ஏறி ஒரு மணி நேரம் எங்களைப் புகழ்ந்தார். கடைசியில், "எனக்கு ஓட்டு போடுறவங்க கை தூக்குங்க" என்றார். கறி வெந்துகொண்டிருந்தது, எல்லோரும் தூக்கினோம். கிழவர் ஹைரம் மட்டும் தூக்கவில்லை.

"என்ன பெரியவரே, என்மேல கோவமா?"

"கோவமெல்லாம் இல்லீங்க. ஓட்டுதான் இல்ல. உங்க மாநிலம் அந்தக் கம்பத்தோட முடிஞ்சுபோச்சு."

டில்லிங்ஹாம் கம்பத்தைப் பார்த்தார், ஆசாவைப் பார்த்தார், இறங்கி நேரே வண்டிக்குப் போனார். ஆசா பின்னாலேயே ஓடினார்.

"ஐயா, தபால் நிலையம்..."

"கம்பத்துக்கு அந்தப் பக்கம், என் மாநிலத்துல, யாராவது குடியிருக்காங்களா?"

"மூணு வீடு இருக்குங்க."

"அது போதும்."

டில்லிங்ஹாம் ஜெயித்ததும், சொன்னபடியே தபால் நிலையம் அந்த மூன்று வீட்டுக்கு வந்தது. அதிகாரி, அங்கே குடியிருந்த பார்னி. எழுதப் படிக்கத் தெரியாதவன். சனிக்கிழமைதோறும் ஆசா ஓடையைத் தாண்டிப் போய் அவனுக்கு முகவரிகளைப் படித்துச் சொல்கிறார். முதலில் வந்தது, ஓட்டுப் போட்டதற்காக டில்லிங்ஹாம் பார்னிக்கு எழுதிய நன்றிக் கடிதம். ஆசாதான் உரக்கப் படித்துக் காட்டினார். பதிலையும் அந்த அழகான கையெழுத்தில் அவரே எழுதிக் கொடுத்தார்.