வீட்டோடு மாப்பிள்ளைப் பகிடி

சிரிப்புப் படம் என்று எதையாவது போட்டால் எனக்கு இப்போது பற்றிக்கொண்டு வருகிறது. சிரிக்கத் தெரியாதவள் இல்லை நான். நல்ல வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு மிடுக்காக நடந்து வருகிற ஒருத்தன் தொப்பென்று சேற்றில் விழுந்தால், கண்ணில் தண்ணீர் வரச் சிரிக்கிறவள். ஆனால் இந்தப் படங்களில் விழுகிறவன் எவன்? கறுத்தவன் விழுவான். திக்கித் திக்கிக் கொன்னை பேசுகிறவன் விழுவான். உடம்பு பெருத்த பெண் கதிரையை உடைத்துக்கொண்டு விழுவாள். கதாநாயகன் மட்டும் விழவே மாட்டான். வேண்டாம் வேண்டாம் என்று கத்துகிற பெண்ணுக்குப் பின்னால் பாதிப் படம் அலைவான். மீதிப் பாதியில் அவளே பனிமலையில் மெல்லிய சீலையோடு நின்று அவனுக்காக ஆடுவாள். அவளுக்குக் குளிராதா? சீ! எங்கள் முஸ்லிம் ஆட்கள் திரையில் வருவதென்றால் பிரியாணிச் சட்டியோடு வரவேண்டும், இல்லையென்றால் குண்டோடு வரவேண்டும். இலங்கைத் தமிழ் கதைக்கிறவன் வந்தால் அழவேண்டும். அவனுக்கு வேறு வேலையே கொடுக்கமாட்டார்கள்.

படப் பைத்தியமும் இல்லை நான். பின்னேரம் குசினியில் சமையல் வேலை முடிந்து, மஃரிப் தொழுகைக்குப் பள்ளியில் வாங்கு சொல்லுமட்டும் டீவி ஓடினால் பார்ப்பேன். பிடிக்காவிட்டால் எழும்பிப் போய்விடுவேன். அப்படிப் போகாமல் இருந்து பார்த்த ஒரு படம்தான் என் வீட்டைக் கலைத்தது.

எங்கள் கிழக்குக் கரையில் கலியாணம் முடிந்தால் பெண் எங்கேயும் போவதில்லை. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருவார். கல்முனைக்குடியில், சாய்ந்தமருதில், மருதமுனையில் எந்தக் கதவைத் தட்டினாலும், திறக்கிற ஆம்பிளை பெண்சாதியின் வீட்டில் இருக்கிறவராகத்தான் இருப்பார். அரசாங்கக் கந்தோரில் பெரிய கதிரையில் குந்தியிருக்கிறவரும் அப்படித்தான், பள்ளிவாசல் நிர்வாகத்தில் குரலை உயர்த்துகிறவரும் அப்படித்தான். சரியோ பிழையோ, பெண்ணைப் பெற்றவர்கள் முதுகு முறிந்து கட்டுகிற வீடு அது. என் மூத்தவள் பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய காலத்திலேயே, என் உம்மா எனக்குத் தந்த வீட்டுக்குப் பக்கத்தில் அவளுடைய வீட்டுக்கு அத்திவாரம் வெட்டினோம். அவள் வளர வளரச் சுவரும் வளர்ந்தது.

போன வருசம் அந்த வீட்டுக்கு மருமகன் வந்தார். மருதமுனைப் பிள்ளை. அக்கரைப்பற்றில் ஒரு கந்தோரில் வேலை. வேலைக்குப் போக முன்னர் மோட்டார் சைக்கிளில் கடற்கரைக்குப் போய், கரைவலை இழுக்கிற இடத்தில் துள்ளத் துள்ளக் கீரி மீன் வாங்கி வந்து, "மாமி, இண்டைக்கு நல்ல மீன்" என்று குசினி வாசலில் வைப்பார். மகள் பிள்ளைத்தாய்ச்சி ஆனதும் சவர்க்கார வாசம் பட்டாலே சத்தி எடுத்தாள். அவர் ஒரு வார்த்தை சொல்லாமல் அவளுடைய உடுப்பையும் தானே கழுவிக் கொடியில் போட்டார். அதைப் பார்த்து நான் எத்தனை தரம் அல்ஹம்துலில்லாஹ் சொல்லியிருப்பேன்!

பெருநாளன்று பின்னேரம் எல்லாரும் என் வீட்டு ஹோலில் இருந்தோம். பக்கத்து வீட்டுச் சின்னதுகளும் வந்து தரையில் குந்திக்கொண்டன. டீவியில் புதுப் படம். அதில் ஒரு வீட்டோடு மாப்பிள்ளை வருகிறான். இடுப்பில் சேலைத் துண்டைக் கட்டிக்கொண்டு மாமியாரின் புடவையைத் துவைக்கிறான். மாமியார் விளக்குமாற்றால் எறிகிறாள். சொரணை கெட்டவன் என்று ஊரே காறித் துப்புகிறது. அவன் பல்லை இளித்துக்கொண்டு, "மாமியார் கூப்பிட்டாங்க, இதோ ஓடியாறேங்க!" என்று ஓடுகிறான். இதுதான் பகிடி. படம் முழுக்க இதே பகிடி, வாந்தி எடுத்ததையே திரும்பத் திரும்பக் காட்டுகிற மாதிரி.

சின்னதுகள் உருண்டு சிரித்தன. அதுகளுக்கு என்ன தெரியும். என் மனுசன் சிரித்தாரே, அதுதான் எனக்கு ஆறவில்லை. என் உம்மாவின் வீட்டில், என் உம்மா செய்வித்த கதிரையில் சாய்ந்துகொண்டு, தொடையில் அடித்து அடித்துச் சிரித்தார்.

ஒன்றும் யோசியாமல் நான் மருமகனிடம் வட்டிலப்பத் தட்டை நீட்டி, "மகன், எடுங்க" என்றேன். தரையில் இருந்த சின்னதுகளில் ஒன்று உடனே, "மாமியார் கூப்பிட்டாங்க, இதோ ஓடியாறேங்க!" என்றது. ஹோலே கொல்லென்று சிரித்தது. மருமகனும் சிரித்தார். தட்டை வாங்கிப் பக்கத்தில் வைத்தார், வட்டிலப்பத்தை ஒரு கரண்டி கூட வாயில் வைக்கவில்லை.

அடுத்த கிழமையே படத்தில் அந்த இடத்தை மட்டும் வெட்டி வாட்ஸ்அப்பில் ஊர் முழுக்க அனுப்பினார்கள். அவருடைய கந்தோரிலும் அதுதான் பேச்சாம். அனுப்பினவன், பார்த்தவன், சிரித்தவன் எல்லாரும் மாமியார் வீட்டில் சோறு தின்கிறவர்கள்! வெட்கம் கெட்ட கூட்டம்! வாப்பா இருந்தது அப்படி, வாப்பாவின் வாப்பா இருந்தது அப்படி. எங்கேயோ கமராவுக்கு முன்னால் ஒருத்தன் இளித்ததும் அதெல்லாம் கேவலமாகிவிட்டது.

மருமகனின் மீன் நின்றது. கொடியில் உடுப்புப் போடுவதும் நின்றது. மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு துவைத்தாள், நான் கண்டு பறித்தெடுத்தேன். ஒருநாள் குசினிக்குள் வந்து அம்மிக்குப் பக்கத்தில் நின்று அழுதாள்.

"உம்மா, அவரு டவுனுக்குள்ள வாடகைக்கு வீடு பாத்திரிக்காரு."

"என்னத்துக்கு? இந்த வீட்டுக்கு என்ன குறை?"

"வீட்டுக்குக் குறை இல்லையாம். இஞ்ச இரிக்க ஏலாதாம்."

"தலப்பிள்ளைய எங்க பெறப் போறாய்? வாடகை வீட்டுலயா?"

அவளுக்காகச் சுவர் சுவராக வளர்ந்த வீடு ஒரு பக்கம், அவளுடைய மனுசன் ஒரு பக்கம். நடுவில் அந்தக் கோமாளிப் படம்.

எங்களில் மாமியார் மருமகனோடு நேருக்கு நேர் நின்று வழக்குப் பேசமாட்டாள். எதுவென்றாலும் மகளிடம் சொல்லி அனுப்ப வேண்டும், அல்லது மனுசனைப் பேசவைக்க வேண்டும். என் மனுசனிடம் சொன்னால், "இளம் பொடியன், கொஞ்ச நாள்ல சரிவரும்" என்று சாரனை உதறிக் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

மறு வெள்ளிக்கிழமை அதே படத்தைத் திரும்பவும் போட்டார்கள். மகளும் மருமகனும் அப்போது என் வீட்டில்தான் இருந்தார்கள். அந்த இடம் வந்ததும் மருமகன் எழும்பி வாசலுக்குப் போனார். என் மனுசன் கள்ளம் கபடம் இல்லாமல் கூப்பிடுகிறார்: "இஞ்ச வாங்க மருமகன், நல்ல இடம் வருகிது!"

நான் போய் சுவிச்சைத் தட்டி டீவியை நூர்த்தேன்.

"என்ன புள்ள, நல்ல இடத்துல நூத்துப் போட்டாய்?"

"இந்த வீடு ஆருட வீடு?"

"உன்ட உம்மா தந்த வீடு. இதென்ன கேள்வி?"

"இதுக்குள்ள முப்பது வருசமா இரிக்கிற மாப்பிள ஆரு?"

படைத்தவன் மேல் சத்தியமாக, அந்த நிமிடம் வரைக்கும் அந்த ஆளுக்கு அது தன்னைப் பற்றிய பகிடி என்று தோன்றவே இல்லை. பிறகு, "அது வேற புள்ள. அது இந்தியாவுல" என்றார்.

"தொடையில அடிச்சுச் சிரிக்கக்குள்ள இந்தியா எண்டு தெரியல்லையா?"

வாசலில் இருந்து மருமகன்தான் பேசினார். "மாமி, மாமாவ ஏசாதீங்க. அவர் நினைச்சுச் சிரிக்கல்ல. ஆனா நீங்க என்னை மகன் எண்டு கூப்பிடக்குள்ள எல்லாம் எனக்கு அந்தச் சிரிப்புத்தான் கேக்கிது."

நான் நூர்த்த டீவிக்கு மேல் துணியை இழுத்து மூடினேன்.

மகளும் மருமகனும் வாடகை வீட்டுக்குப் போய்விட்டார்கள். நாங்கள் கட்டிக் கொடுத்த வீட்டுச் சாவியை மகள் என் கையில் தந்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் ஓட்டோவில் ஏறினாள். வெள்ளிக்கிழமைகளில் நான் அந்த வீட்டைத் திறந்து கூட்டிவிட்டுப் பூட்டுகிறேன். என் மனுசன் இப்போது டீவி போடுவதில்லை. போட்டாலும் செய்தி மட்டும் பார்க்கிறார், அதையும் தலையைக் குனிந்துகொண்டு.

போன கிழமை மகளுக்கு மீன் ஆணமும் சோறும் கொண்டு போனேன். வாடகை வீட்டுக்குப் பின்பக்கத்து ஒடுங்கிய ஒழுங்கையால் போனால் கிட்ட. மதில் நெஞ்சளவுதான். எட்டிப் பார்த்தால், கிணற்றடியில் மருமகன். சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, கொடிக் கிளிப்பைப் பல்லில் கடித்தபடி, என் மகளின் உடுப்புகளை ஒவ்வொன்றாக உதறிக் காயப்போடுகிறார். வாய்க்குள் ஏதோ பாட்டு. என் வீட்டில் இருந்தபோது பார்த்த அதே முகம். எனக்கு நெஞ்சு நிறைந்தது. "மகன்" என்று வாய்வரைக்கும் வந்தது.

விழுங்கிக்கொண்டேன். சத்தம் போடாமல் வந்த வழியே திரும்பி, சுற்றிக்கொண்டு முன்பக்கம் போய், அப்போதுதான் வருகிறவள் மாதிரிக் கதவைத் தட்டினேன். திறக்கக் கொஞ்சம் நேரம் எடுத்தது. மடித்துக் கட்டிய சாரனைக் கீழே இறக்கிவிட்டு மருமகன் நின்றார். "வாங்க மாமி" என்றார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தார். முழங்கையில் சவர்க்கார நுரை காயாமல் இருந்தது.

நான் முக்காட்டை இழுத்துவிட்டு, நிலத்தைப் பார்த்தபடி, மகளைத் தேடி உள்ளே போனேன்.