மூலம் என்று நினைத்த மரு

குளிக்கும்போதுதான் விரலில் தட்டுப்பட்டது. ஆசனவாய் ஓரத்தில் அரிசி அரிசியாக நாலைந்து. சேதராப்பட்டு கம்பெனியில் ஷிஃப்ட் முழுக்க நின்றே வேலை பார்க்கும் எங்களுக்கு, அந்த இடத்தில் எது வந்தாலும் மூலம்தான். துத்திக்கீரை வதக்கித் தின்றேன். அடங்கவில்லை. மூலத்துக்கென்றே போர்டு மாட்டியிருந்த ஓரிடத்தில் சுட்டு எடுத்தார்கள். எடுத்ததைக் குப்பையில் போட்டார்கள். தொல்லை விட்டது என்று நானும் வந்துவிட்டேன்.

மறுபடி முளைத்தது. இந்த முறை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டரம்மா முதலில் கேட்டது இதைத்தான்: "போன தடவை எடுத்த சதைய டெஸ்டுக்கு அனுப்புனாங்களா?"

இல்லை என்றேன். அவர் முகம் மாறியது. வீணாகப் பயமுறுத்துகிறாரோ என்றுதான் எனக்குத் தோன்றியது.

"இது மூலம் இல்லம்மா, மரு. எச்.பி.வி. (நெருங்கிய உறவில் தோலோடு தோல் பட்டுத் தொற்றும் வைரஸ்) கொண்டுவர்றது. முக்காவாசிப் பேருக்கு மருவோட போயிடும். சில பேருக்குப் பக்கத்துலயே கெட்டுப்போற செல்லும் இருக்கும். வெறுங்கண்ணுக்குத் தெரியாது."

நெருங்கிய உறவு. எனக்கு என் வீட்டுக்காரரை விட்டால் யார்? சாரம் பகுதியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குள் நுழைந்ததும் அவர் போனைத்தான் எடுத்துப் பார்த்தேன். சோறு போடும்போதும் முகம் கொடுக்கவில்லை.

"என்னா, போலீஸ் மாதிரி பாக்குற?" என்றார்.

டாக்டர் சொன்னதைச் சொன்னேன். "சத்தியமா நான் எங்கயும் போவல" என்றார். திருடனும் அதைத்தான் சொல்வான் என்று நினைத்துக்கொண்டேன்.

அனோஸ்கோபிக்கு (சிறு குழாய் வைத்து ஆசனவாயின் உட்புறத்தைப் பார்ப்பது) அவர்தான் கூட வந்தார். வினிகர் நெடியடிக்கும் எதையோ உள்ளே தடவினார்கள். ஓரிடம் மட்டும் வெளுத்தது; கெட்டுப்போகிற செல் இருந்தால் அப்படி வெளுக்குமாம். அங்கே பயாப்ஸி (துளி சதை எடுத்துச் சோதிப்பது) செய்தார்கள். வலியைவிட வெட்கம்தான் பிடுங்கித் தின்றது. அதே வைரஸ் அங்கேயும் வருமென்று கருப்பை வாயையும் பார்த்தார்கள், அங்கே ஒன்றுமில்லை.

"புற்றுநோய் இல்ல. ஆனா அதுக்கு முந்தின படி" என்றார் டாக்டர், ரிசல்ட் வந்தபோது. மயக்கம் கொடுத்து அந்த இடத்தைச் சுட்டார்கள். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்டச் சொன்னார்கள்.

வீட்டுக்காரர் மருந்து வாங்கப் போன நேரம் பார்த்துக் கேட்டேன்: "இது யாருகிட்டேருந்து வந்துச்சு டாக்டர்?"

"வருஷக்கணக்கா உள்ளயே கிடந்திருக்கலாம். கல்யாணத்துக்கு முன்னாடியே ரெண்டு பேருல யாருக்காவது வந்ததாக்கூட இருக்கலாம். எந்த டெஸ்டும் அதச் சொல்லாது."

இதைப் படிக்கிற உங்களுக்கும் அங்கே ஏதாவது தட்டுப்பட்டால், மூலம் என்று நீங்களாகப் பெயர் வைக்காதீர்கள். எடுக்கிற சதையைச் சோதனைக்கு அனுப்புகிறார்களா என்று கேளுங்கள்.

எரிச்சல் ஆறிவிட்டது. ஆனால் லேசாக அரித்தால்கூட அந்த இடத்தை இன்னும் சந்தேகமாகத்தான் தொட்டுப் பார்க்கிறேன். வீட்டுக்காரரை நம்புவதா என்று இன்னும் முடிவு செய்யவில்லை. அதற்குக் காலம் கிடக்கிறது. இந்த உடம்பை மட்டும் ஆறாறு மாதமாகத்தான் நம்புகிறேன்.