செவலைப் பசு குடியிருக்கும் லாயம்

2010 சித்திரை. காலை வெயில் ஏறுமுன் கடலூர் பஸ் ஸ்டாண்டில் சிதம்பரம் வண்டியைப் பிடித்தேன். டிக்கெட் பதினைந்து ரூபாய். மடியில் இருந்த பலாப்பழத்துக்கும் ஒன்று போடவா என்றார் கண்டக்டர். "போடுப்பா, அதுக்கும் உக்கார ஒரு எடம் காமி" என்றேன். அதோடு விட்டுவிட்டார்.

சிதம்பரத்திலிருந்து ஆட்டோவில் அறுபது ரூபாய் தூரத்தில் என் அக்கா ஊர். மாட்டுக் கொட்டகையை இன்றைக்கு இடிக்கிறார்கள், வந்து ஒரு தடவை பார்த்துவிட்டுப் போ என்று போன் பண்ணியிருந்தாள். அவள் மகன் அந்த இடத்தில் ரூம் கட்டி, காலேஜ் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விடப் போகிறானாம். மாடு கட்ட வேறு இடம் ஏது என்று நாலையும் விற்கச் சொல்கிறானாம்.

கொட்டகை என்று சொன்னால் அந்தக் கட்டடத்துக்கே கோபம் வரும். மிராசுதார் ஒருவர் வண்டிக் குதிரைக்கும் உழவு மாட்டுக்கும் கட்டிய லாயம் அது. அவர் வீடு மண்ணோடு மண்ணாகிவிட்டது, லாயம் நிற்கிறது. செங்கல்லில் உருண்டைத் தூண்கள், தூணுக்குத் தூண் வளைவு, மேலே பனஞ்சட்டத்தில் நாட்டு ஓடு. பாதி ஓடு போன வழியில் வெயில் உள்ளே வந்து படுத்திருந்தது. ஜன்னல்கள் மாட்டின் மூக்கு உயரத்தில். நாம்தான் குனிந்து பார்க்க வேண்டும். கருங்கல் தரை ஒரு பக்கமாகச் சரிந்து, கோமியம் கால்வாயில் இறங்கித் தென்னைக்குப் போகிறது. புதிதாகக் கட்டிய என் வீட்டு பாத்ரூம் தண்ணீரோ கூடத்துக்கு வருகிறது.

மேஸ்திரி ஆட்களோடு வந்தார். கடப்பாரையைத் தொடுமுன் வழக்கமான கேள்வியைக் கேட்டார்: வீட்டில் பிள்ளைத்தாச்சி யாராவது உண்டா? இருந்தால் இடிக்கக் கூடாதே. அக்கா மகன், "இல்லை" என்று தலையாட்டினான்.

"இருக்காளே" என்று அக்கா செவலைப் பசுவைக் காட்டினாள். "ஏழு மாசம்."

"மாட்டுக்கெல்லாம் யாராவது பாப்பாங்களா? நீயாவது சொல்லு சித்தி" என்றான் என்னிடம்.

நான் வாய் நிறையப் பலாச்சுளையை வைத்துக்கொண்டேன்.

"நீ இடிக்கப்போறது யாரு வூடு? உன் வூடா, அவ வூடா?" என்றாள் அக்கா.

மேஸ்திரி பசுவின் வயிற்றைப் பார்த்தார். கடப்பாரையைத் தோளில் ஏற்றினார். "எனக்கும் புள்ளகுட்டி இருக்கு தம்பி. கன்னு போட்டதும் சொல்லியனுப்பு, வர்றேன்."

மகன் எங்கள் இருவரையும் முறைத்துவிட்டு பைக்கை உதைத்தான்.

கிளம்பும்போது அக்காவிடம் கேட்டேன், கன்று போட்ட பிறகு என்ன செய்வாய் என்று.

"கறுப்பிக்குப் போன வாரந்தான் சினை ஊசி போட்டாந்தேன்" என்றாள். "அதுக்கப்புறம் இன்னும் ரெண்டு இருக்கே."

கடலூரில் என் மகன் பழைய வீட்டை இடித்தபோது எனக்கு இந்த யோசனை வரவில்லை. எங்கள் வீட்டில் மாடு கிடையாது. ஒரு கோழி இருந்திருந்தாலும் அடை வைத்திருப்பேன்.