பஸ் வராத நிறுத்தத்தில் ஒரு படம்

எங்கள் சட்டமன்ற உறுப்பினர் எந்தப் படத்திலும் சும்மா நிற்பதில்லை. ஒன்று, எதையாவது கொடுத்துக்கொண்டிருப்பார். இல்லையென்றால், எதையாவது சுட்டிக்காட்டிக்கொண்டிருப்பார். அரிசி மூட்டை, தீபாவளிப் பரிசுக் கூடை, சக்கர நாற்காலி என்றால் கொடுக்கும் படம். சாலைக் குழி, அடைத்துக்கொண்ட கால்வாய், எரியாத தெருவிளக்கு என்றால் சுட்டிக்காட்டும் படம். முதல் வகை வந்தால் வேலை முடிந்தது என்று பொருள். இரண்டாவது வந்தால் இனிமேல்தான் என்று பொருள். இதை யாரும் எங்கும் எழுதி வைக்கவில்லை, ஆனால் தொகுதியில் எல்லாருக்கும் தெரியும்.

பீடோங்கில் உள்ள அவருடைய சேவை மையத்தில் நான் வேலை பார்க்கிறேன். செய்தி மடலின் தமிழ்ப் பக்கங்கள் என் பொறுப்பு. அவர் சட்டமன்றத்தில் பேசியதை மலாயிலிருந்து தமிழாக்கி, எழுத்துப் பிழை பார்த்து, மெர்கோங்கில் இருக்கும் அச்சகத்துக்கு அனுப்புவேன். இப்போது பெரும்பாலோர் கைப்பேசியில்தான் பார்க்கிறார்கள். தோட்டங்களுக்கு மட்டும் இன்னும் தாள் போகிறது. அங்கே கோயில் அறிவிப்புப் பலகையில் ஒன்று, மளிகைக்கடைக் கதவில் ஒன்று ஒட்டுவார்கள்.

கேட்டார், வலியுறுத்தினார், கவனத்துக்குக் கொண்டுவந்தார், ஆராயப்படும். சட்டமன்றச் செய்திகளை இந்தச் சொற்களை வைத்தே எழுதிவிடலாம். ஒவ்வொரு கூட்டத்துக்கும் பிறகு இவற்றை மாற்றி மாற்றி அடுக்குவது என் வேலை. சில நாட்களில் எழுதி முடித்துவிட்டு, என்ன நடந்தது என்று என்னையே கேட்டுக்கொள்வேன். ஒன்றும் நடந்திருக்காது. ஆனால் எழுதியது எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

அந்த அக்கா மையத்துக்கு வந்தது ஒரு மழை நாளில். சிடாம் கிரியின் உட்பகுதியில் உள்ள செம்பனைத் தோட்டத்தில் இருக்கிறார். உரம் போடும் வேலையில் இருந்தவர். சிறுநீரகம் இரண்டும் போய், வாரத்துக்கு மூன்று நாள் சுங்கை பட்டாணியில் டயாலிசிஸ். கணவர் இல்லை. மகன் பினாங்கில் தொழிற்சாலை வேலை. பக்கத்து வீட்டுக்காரர் தன் மோட்டாரில் கொண்டுபோய் விடுவார், தன் வேலை முடிந்து திரும்பக் கூட்டி வருவார்.

"ரத்தத்தைக் கழுவி விட்டதும் தலை சுத்தும் தங்கச்சி. பின்னாடி உக்காந்து அவர் சட்டையப் பிடிச்சுக்கிட்டே வருவேன். போன வாரம் ரெண்டு வாட்டி கண்ணு இருட்டிருச்சு. அவருக்கும் பயம், எனக்கும் பயம்."

"மகன் வந்து கூட்டிட்டுப் போக முடியாதாக்கா?"

"வாரத்துல மூணு நாள் லீவு போட்டா எந்த கம்பெனி வச்சுக்கும்? முந்தி பஸ் வந்துச்சுல்ல, அந்த பஸ்ஸ மறுபடி விடச் சொல்லுங்க. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்."

கூடையும் வேண்டாம், அரிசியும் வேண்டாம் என்றார். உதவித் தொகை பற்றிச் சொன்னபோது, "அத வச்சு என்னா செய்ய, பஸ்ஸ வாங்கவா?" என்று கேட்டார். பக்கத்து வீட்டுக்காரர் மாதக் கடைசியில் அலோர்ஸ்டார் பக்கம் வேலை மாறிப் போகிறார் என்பதைக் கிளம்பும்போதுதான் சொன்னார். அதற்குப் பிறகு மோட்டாரும் இல்லை. ஒரு தவணை தவறினால் கால் வீங்கும். இரண்டு தவறினால் மூச்சு முட்டும். அதை அவர் வானிலை சொல்வதுபோல் சொன்னார்.

ஒய்.பி. என்று நாங்கள் அழைக்கும் சட்டமன்ற உறுப்பினர் உடனே ஒத்துக்கொண்டார். அடுத்த கூட்டத்தில் கேட்டார். நன்றாகவே கேட்டார், அந்தத் தோட்டத்தில் டயாலிசிஸுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள் என்று நான் எழுதிக் கொடுத்ததையும் சேர்த்துச் சொன்னார். சம்பந்தப்பட்ட இலாகா ஆராயும் என்று பதில் வந்தது.

செய்திக்குப் படம் வேண்டும். தோட்டத்து முனையில் இருக்கும் பழைய பஸ் நிறுத்தத்துக்குப் போனோம். ஒய்.பி. வழக்கம்போல் கையை நீட்டத் தயாராகி, எங்கே நீட்டுவது என்று தெரியாமல் நின்றார். குழி என்றால் குழியைக் காட்டலாம். வராத பஸ்ஸை எப்படிக் காட்டுவது? சாலையைக் காட்டிப் பார்த்தார். படம் எடுப்பவர், வழி சொல்கிறவர்மாதிரி இருக்கிறது என்றார். கூரையைக் காட்டினால் ஒழுகும் கூரைச் செய்திபோல் ஆகிவிடும். தூறல் வேறு வலுத்துக்கொண்டிருந்தது. கடைசியில், அந்த அக்காவை நடுவில் நிற்க வைத்து, சுற்றிலும் தோட்டத்து மக்களை நிறுத்தி, எல்லாரையும் சிரிக்கச் சொல்லி எடுத்துவிட்டார்கள். அக்கா அன்றைக்கு ஒரு நல்ல புடவையில் வந்திருந்தார்.

மடல் ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக்குப் போனது. எங்கள் மாநிலத்தில் வாரம் அன்றைக்குத்தான் தொடங்குகிறது. செவ்வாய்க்கிழமை காலை நான் பசியாறிக்கொண்டிருந்தபோது அக்கா அழைத்தார்.

"தங்கச்சி, பஸ்ஸுக்குப் பூசை போடறோம். ஒய்.பி. வராட்டியும் நீங்க வந்துருங்கம்மா. கேசரி இருக்கு."

நான் வாயைத் திறப்பதற்குள் இணைப்பு போய்விட்டது. அந்தத் தோட்டத்துக்குள் கைப்பேசியில் சிக்னல் கோடு இரண்டைத் தாண்டாது. திரும்ப அழைத்துப் பார்த்தேன், கிடைக்கவில்லை. மோட்டாரை எடுத்தேன்.

நிறுத்தத்தைக் கழுவி விட்டிருந்தார்கள். தூண்களில் மாவிலை. தட்டில் தேங்காய், கற்பூரம், சக்கரத்துக்கு அடியில் வைக்க எலுமிச்சம்பழம். ஒரு சாமந்தி மாலை, பஸ்ஸின் நீளம் தெரியாததால் கொஞ்சம் பெரிதாகவே கட்டியிருந்தார்கள். மடலின் அந்தப் பக்கம் தூணில் ஒட்டப்பட்டிருந்தது. படத்துக்குக் கீழே 'இலாகா ஆராயும்' என்று நான் எழுதியது தெளிவாகவே இருந்தது. அதை யாரும் படிக்கவில்லை என்று சொல்ல முடியாது. படித்திருப்பார்கள். ஆனால் ஒய்.பி. சிரித்துக்கொண்டு, மக்களும் சிரித்துக்கொண்டு, நடுவில் ஒரு நோயாளியும் நிற்கும் படத்தை, எதையாவது கொடுத்தபோது தவிர, அவர்கள் இதுவரை பார்த்ததில்லை. சக்கர நாற்காலி கொடுத்தபோதும் இப்படித்தான் நின்றார்கள். விரல் எதையும் காட்டவில்லை. அப்படியென்றால் பஸ் வந்துவிட்டது.

சொன்னேன். பஸ் இன்னும் வரவில்லை என்பதை எப்படிச் சொன்னேன் என்று அன்றைய நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன்: "நேராகச் சொன்னேன்."

பூசைத் தட்டு வைத்திருந்தவர், "அப்ப எதுக்குங்க ஒய்.பி. அவ்ளோ சிரிச்சாரு?" என்று கேட்டார்.

"நீயுந்தான் சிரிச்ச" என்றார் இன்னொருவர்.

"சிரிக்கச் சொன்னாங்க, சிரிச்சேன் லா."

"பல்லு கட்டுனதுக்கு அப்புறம் யாரு சொன்னாலும் சிரிப்ப."

அக்கா சிமெண்டு பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு துணிப்பை: போர்வை, கம்பளிச் சட்டை, பிஸ்கட். டயாலிசிஸ் அறையில் குளிர் தாங்காது. பஸ் வரும் என்று நம்பி, பக்கத்து வீட்டுக்காரரை வேலைக்குப் போகச் சொல்லிவிட்டிருந்தார். அவர் விடிந்ததுமே போய்விட்டார். இன்றைக்குப் போயாக வேண்டும். என் மோட்டாரைப் பார்த்தார்.

"உங்க பின்னாடி வந்துடுவேன் தங்கச்சி. திரும்பி வாறதுதான்."

திரும்பி வருவதைப் பற்றித்தான் நானும் யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது பள்ளி வேன் வந்தது. தோட்டத்துப் பிள்ளைகளைத் தமிழ்ப்பள்ளிக்குக் கொண்டுபோகும் வேன். ஓட்டுநர் மாவிலையையும் மாலையையும் பார்த்து வேகத்தைக் குறைத்தார்.

"என்னங்கடா, என் வண்டிக்கா? சொல்லியிருந்தா கழுவிட்டு வந்திருப்பேன்ல?"

"ஒங்க வண்டிக்கு யாரு மாலை போடுவா அண்ணே, பஸ்ஸுக்கு."

"பஸ் எங்க?"

ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள் என்று ஒருவர் சொன்னதும் எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான். அவ்வளவு நேரம் கோபப்படாதவர்கள் மேல் எனக்கு ஏதோ கோபம் இருந்தது; அது அப்போது இறங்கியது.

ஓட்டுநர் அக்காவின் பையைப் பார்த்தார். "ஏறுக்கா. புள்ளைங்கள எறக்கிட்டு நேரா சுங்கை பட்டாணிக்கு விட்டுர்றேன். மத்தியானம் ஸ்கூல் முடிஞ்சு இவங்கள வீட்டுல விட்டுட்டு, ஒன்ன வந்து கூட்டிக்கிறேன்." கற்பூரம் ஏற்கனவே எடுத்து வைத்தது, வீணாக்க வேண்டாம் என்று யாரோ ஏற்றினார்கள். தேங்காய் உடைந்தது. எலுமிச்சம்பழங்களை வேனின் சக்கரங்களுக்கு அடியில் வைத்தார்கள். பிள்ளைகள் ஜன்னல் வழியே எட்டிப் பார்க்க, பஸ்ஸுக்குக் கட்டிய மாலை முகப்புக் கண்ணாடியின் பாதியை மறைத்தது. அதை மட்டும் ஓட்டுநர் கழற்றி அக்கா கையில் கொடுத்தார்.

அதன் பிறகு வாரம் மூன்று நாளும் அப்படியே நடந்தது. மாதக் கடைசியில் பக்கத்து வீட்டுக்காரர் போனார். அக்காவுக்கு ஒரு தவணையும் தவறவில்லை.

இது எப்படியோ ஒய்.பி. காதுக்குப் போனது. மகிழ்ந்துபோனார். அடுத்த மடலில் போட வேண்டும், வேன் முன்னால் நின்று ஒரு படம் எடுப்போம் என்றார். அவர் மனதில் கெட்ட எண்ணம் இல்லை. உண்மையாகவே நடந்த ஒன்றைச் சொல்லும் வாய்ப்பு அவருக்கும் அடிக்கடி கிடைப்பதில்லை.

அக்காவிடம் அனுமதி கேட்கப் போனேன். முடிப்பதற்குள் கையைப் பிடித்துக்கொண்டார்.

"போட்டுறாதீங்க. அவருக்கு ஸ்கூல் புள்ளைங்கள ஏத்தத்தான் பெர்மிட்டு. வெளியாள ஏத்துனது தெரிஞ்சா வண்டிய எடுத்துருவாங்க. அப்பறம் எனக்கும் வண்டி இல்ல, புள்ளைங்களுக்கும் இல்ல."

ஓட்டுநரிடமும் கேட்டேன். "யாரும் கேட்டா, அக்கா பிள்ளைங்களப் பாத்துக்கிற ஆளுன்னு சொல்லுவேன். பொய் இல்ல. பாத்துக்கிறாங்க. முன்னாடி சீட்டுல ரெண்டு பேரு அடிச்சுக்குவாங்க, இப்ப அக்கா நடுவுல உக்காந்துட்டாங்க."

"பள்ளி விடுமுறையில?"

"அப்ப என் சொந்தக்காரி. சொந்தக்காரிய ஏத்தறதுக்குமா பெர்மிட்டு?"

ஒய்.பி.யிடம் விளக்கினேன். நெற்றியைத் தடவிக்கொண்டார். சரி, விட்டுவிடுங்கள் என்றார். மடலில் அந்த இடத்தில் கொசு மருந்து அடிக்கும் அட்டவணை போனது.

தொகுதியில் அந்த ஆண்டு நான் அறிந்து முழுதாக நடந்த காரியம் அது ஒன்றுதான். அதைத்தான் எழுத முடியவில்லை. நடக்காதவற்றை ஒழுங்காக, பிழையில்லாமல், பத்தி பிரித்து எழுதினேன். இதில் எனக்கு வருத்தம் என்று சொல்ல முடியாது. களைப்பு என்றுதான் சொல்ல வேண்டும்.

ஆண்டிறுதிக் கூட்டத்துக்கு பஸ் கேள்வியை மறுபடியும் தயாரித்தேன். வேன் ஓட்டுகிறவருக்கும் ஒரு நாள் காய்ச்சல் வரும். வண்டியும் ஒரு நாள் பழுதாகும். பழைய கேள்வியை அப்படியே எடுக்காமல், புதிதாகவே எழுதினேன். இலாகாவின் முந்தைய பதிலைச் சேர்த்து, ஆராய்ச்சி எந்த நிலையில் இருக்கிறது என்று ஒரு துணைக் கேள்வியும் வைத்தேன். ஒய்.பி. படித்துவிட்டு, இதை எத்தனை முறை கேட்பது என்றார். பஸ் வரும்வரை என்றேன். கையெழுத்துப் போட்டார்.

பள்ளி விடுமுறையின் முதல் செவ்வாய்க்கிழமை. பிள்ளைகள் இல்லாத பள்ளி வேனில் ஒரு பெண் மட்டும் போவது சாலையில் நின்று வண்டிகளைச் சோதிக்கிறவர்கள் கண்ணில் பட்டுவிடும் என்று காலையிலிருந்தே எனக்கு ஒரே யோசனை. மையத்தில் வந்தவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டே கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அழைக்கவில்லை; அழைத்து என்ன கேட்பது?

மத்தியானத்துக்குச் சற்று முன் அக்காவின் குரல் பதிவு வந்தது. பின்னால் இயந்திரம் விட்டுவிட்டு ஒலித்தது.

"வந்து சேந்துட்டேன் தங்கச்சி. ஊசி போட்டாச்சு. வழியில நிப்பாட்டுனாங்க. இவர் அக்கான்னு சொன்னாரு, நான் தம்பின்னு சொன்னேன், போங்கன்னுட்டாங்க. கம்பளிச் சட்டைய மறந்துட்டு வந்துட்டேன், காலெல்லாம் ஒரே குளிரு."