புகைமூட்டத்துச் சூரியன்

மாலை நான்கு நாற்பதுக்கு என் மகள் பின்கட்டிலிருந்து வந்து சமையலறை வாசலில் நின்றாள். இடது கண்ணைப் பொத்திப் பொத்தித் திறந்தாள். சுவர்க் கடிகாரத்தின் நடுவில் ஏதோ அழிந்திருக்கிறது என்றாள். நான் திரும்பிப் பார்த்தேன். எனக்கு முள் இரண்டும் தெளிவாகவே தெரிந்தன.

எங்கள் கிள்ளான் நகரைக் காட்டுத்தீயின் புகைமூட்டம் மூடிக்கிடந்த மாதம் அது. எதிர் வீட்டுக் கூரைகூட மங்கித்தான் தெரியும்.

அவள் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் படித்தாள். தொலைவிலுள்ள நட்சத்திரங்களிலும் கரும்புள்ளிகள் உண்டாம். அவற்றை யாரும் நேரில் பார்க்க முடியாது. புள்ளி நம் பக்கம் திரும்பும்போது வெளிச்சம் துளி குறையும்; அது மறுபடி குறைய எவ்வளவு காலமாகிறதோ, அதுதான் அந்த நட்சத்திரம் ஒருமுறை சுழலும் காலம். சாப்பிடும்போது எனக்கு இதையெல்லாம் சொல்வாள். புள்ளிகள் தெரியும் அளவுக்குப் பக்கத்தில் இருக்கும் ஒரே நட்சத்திரம் சூரியன் என்பதால், பைனாகுலரின் ஒரு குழலை மூடி, மறு குழல் வழியாக வெயிலை வெள்ளை அட்டையில் விழவைத்து, புள்ளிகள் நகர்வதைத் தினமும் வரைந்துவந்தாள். கண்ணை வைத்துப் பார்க்கவே கூடாது என்று எனக்கே பாடம் எடுத்தவள்.

புகை வந்தபின் அட்டையில் ஒன்றும் சரியாக விழவில்லை. சூரியன் செம்புத் தட்டுபோலத் தொங்கியது. தெருவே நின்று வெறுங்கண்ணால் பார்த்தது, நானும் பார்த்தேன். இன்றும் அந்த நிறம் எனக்கு ஆகாது. வரைவது விட்டுப்போகிறதே என்று அவள் அன்று குழலில் கண்ணை வைத்துவிட்டாள். பார்த்துக்கொண்டிருக்கும்போதே புகை விலகியிருக்கிறது.

"வலிக்குதாடி?" என்றேன்.

"இல்லம்மா. ஒண்ணுமே வலிக்கல."

அது எனக்கு ஆறுதலாக இருந்தது. தலைநகரில் பிரிக்பீல்ட்ஸ் பகுதியிலுள்ள கண் கிளினிக்குக்கு டாக்சி பிடித்தோம். வழியெல்லாம் வண்டிகள் விளக்கைப் போட்டுக்கொண்டு ஊர்ந்தன. இந்தப் புகையில் யாருக்குத்தான் கண் எரியவில்லை ஆன்டி என்றார் டாக்சிக்காரர். இவளுக்கோ எரியவே இல்லை.

டாக்டர் இன்னும் வந்திருக்கவில்லை. மகள் சுவரிலிருந்த எழுத்துப் பலகையை ஒரு கண்ணால், பிறகு மறு கண்ணால் மாற்றி மாற்றிப் பார்த்தாள். சற்று நேரத்தில் பார்ப்பதை நிறுத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இருட்டத் தொடங்கியபோது டாக்டரம்மா வந்தார். முகமூடியைக்கூடக் கழற்றாமல் சொட்டு மருந்து விட்டு, கண்ணுக்குள் விளக்கடித்து நெடுநேரம் பார்த்தார். வலித்ததா என்று அவளைக் கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"விழித்திரைக்கு வலி தெரியாதும்மா. வலது கண்ணுக்கு ஒண்ணுமில்ல. இடது கண்ணுல நடுப்பகுதி வெந்துபோச்சு. பார்வை கொஞ்சம் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம். இதுக்கு மருந்து இல்ல. காத்திருக்கணும், அவ்ளோதான்."