கையெடை போடும் பிரமிளா

"ஒன்னே முக்காலு," என்றாள் பிரமிளா.

மாங்காய்த் தொக்கு டப்பா அவள் இடது உள்ளங்கையில் இருந்தது. கண்ணை மூடி ஒரு நொடி ஏந்திப் பார்த்தாள், எண்ணைச் சொல்லிவிட்டாள். நான் விடுவேனா? என் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். ஒரு கிலோ எழுநூற்று நாற்பது. பத்து கிராம் தப்பு என்று சந்தோஷப்பட்டேன். "மூடியில ஒட்டிக்கினு இருந்தத நீ வழிச்சித் துன்னுட்டியே, அதாங்க்கா," என்றாள். உண்மைதான், தின்றுவிட்டேன்.

தபால் ஆபீஸில் முப்பது வருஷம் பார்சல்களை எடை போட்டவள் நான். எனக்குக்கூட இந்த வித்தை கைவரவில்லை. அதில் கொஞ்சம் பொறாமையும் உண்டு. சந்தேகம் வந்தால் மட்டும் கீழே வைத்துவிட்டு இன்னொரு முறை தூக்குவாள். இரண்டாவது முறை தூக்கினால் எண் கட்டாயம் வந்துவிடும்.

சித்தூர் மிட்டூரில் என் வீட்டு மாடியில் எட்டு மாதமாக இருக்கிறார்கள். பிரமிளா, அவள் கணவர் கிஷோர், பதினைந்து வயது மகள் சந்தியா, மூன்றே பேர். ஆப்பிரிக்காவில் மலாவி என்ற நாட்டில், ஒரு பெரிய ஏரியின் கரையில் இருக்கும் கிராமத்தில் பதினாறு வருஷமாக மிஷனரிகள். நான்கு வருஷத்துக்கு ஒரு தடவை ஊருக்கு வருவார்கள். மிஷனரி என்றால் வெயிலுக்குத் தொப்பி போட்ட வெள்ளைக்காரர் என்றுதான் நான் நினைத்திருந்தேன். "இன்னாக்கா, மோட்டார் போட்டியா? மேல தண்ணி வரவே இல்ல," என்று நகரிப் பக்கத்துத் தமிழில் கேட்கிற மிஷனரியை எதிர்பார்க்கவில்லை. எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒருவர் வெளிநாட்டில்தான் இருக்கிறார், என் மகன் உட்பட. வெளிநாட்டிலிருந்து தேய்ந்த செருப்போடு வந்து இறங்கியது இவர்கள் மட்டும்தான்.

பிரமிளா நர்ஸ் படிப்பு படித்தவள். அங்கே கிஷோர் ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் செய்வார், மற்ற நாட்களில் கைப்பம்பு ரிப்பேர் பார்ப்பார். இவளுக்கு வேலை ஒரு மாமரத்தடியில். கிளையில் ஒரு முள் தராசு தொங்கும். அதன் கொக்கியில் துணித்தொட்டில் மாட்டி, ஊர் ஊராக நடந்து வருகிற தாய்மார்களின் குழந்தைகளை ஒவ்வொன்றாகப் போட்டு எடை பார்ப்பாள். ஒரு மழையில் தராசின் ஸ்பிரிங் துருப்பிடித்துப் போனது. அடுத்தது வந்து சேர ஒன்றரை வருஷம். அது வரைக்கும் எல்லாக் குழந்தைகளையும் கையால்தான் தூக்கிப் பார்த்தாள். அப்படி வந்ததுதான் இந்தக் கை.

அந்த மாமரத்தடியில் அவள் வைத்திருக்கும் சட்டம் ஒன்று உண்டு. அதைச் சொல்லும்போது மட்டும் களைப்பெல்லாம் போய்க் குரல் நிமிரும். "எட கொறஞ்ச புள்ளய நான் அனுப்பவே மாட்டேங்க்கா. போன வாட்டி இருந்ததவிட கால் கிலோ கொறஞ்சிருந்தாலும் சரி, தாயும் புள்ளயும் அங்கியே தங்கணும். கஞ்சி ஊத்தி, எட ஏறினப்புறம்தான் ஊட்டுக்குப் போவலாம். ஊர்த்தலைவரு வந்து சத்தம் போட்டாரு. நீ சத்தம் போட்டுக்கினே இருய்யா, புள்ள இங்கதான் இருக்கும்னு சொல்ட்டேன்."

விடுப்பு என்று பெயர்தானே தவிர, இந்த எட்டு மாதத்தில் அவள் ஒரு ஞாயிறும் வீட்டில் இருந்ததில்லை. அனுப்பி வைத்த சபைகளுக்கெல்லாம் போய் அறிக்கை சொல்லியாக வேண்டும். கங்காதர நெல்லூர், புத்தலப்பட்டு, திருப்பதி என்று வாரத்துக்கு ஓர் ஊர். கிஷோர் படம் போட்டுக் காட்டுவார். பிரமிளா புடவைக்கு மேல் அந்த ஊர்ப் பெண்கள் இடுப்பில் சுற்றும் பூப்போட்ட துணியைச் சுற்றிக்கொண்டு நிற்பாள். பிள்ளை அந்த ஊர்ப் பாஷையில் ஒரு பாட்டுப் பாட வேண்டும். எல்லோரும் கைதட்டுவார்கள், சால்வை போடுவார்கள், பிரியாணி போடுவார்கள். திங்கட்கிழமை காலையில் வீங்கிய காலை வாளித் தண்ணீரில் வைத்துக்கொண்டு என் பின்கட்டில் உட்கார்ந்திருப்பாள். "ஊருக்கு வந்து ரெஸ்ட் எடுன்னு அனுப்பினாங்கக்கா. அங்க போனாத்தான் ரெஸ்ட்டு போலக்குது," என்பாள். நாற்பத்து நான்கு வயதுக்கு அந்த முகத்தில் முதுமை அதிகம்தான்.

புத்தலப்பட்டில் ஒரு பெரியவர் கூட்டத்தில் எழுந்து, "பதஹாரு சம்வத்சராலலோ என்னி ஆத்மலம்மா?" என்று தெலுங்கில் கேட்டாராம். பதினாறு வருஷத்தில் எத்தனை ஆத்துமாக்களை ஆதாயம் செய்தாய், அதாவது எத்தனை பேரைக் கிறிஸ்தவர்களாக்கினாய் என்று அர்த்தம். எல்லா ஊரிலும் யாராவது ஒருவர் கேட்கும் கேள்விதான். அன்றைக்கு என்ன களைப்போ, பிரமிளா மைக்கை வாங்கி, "எண்ணிப் பாக்கலீங்க. எடதான் போட்டேன்," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். கிஷோர் எழுந்து ஏதேதோ சொல்லிச் சமாளித்தார். பாவம், நல்ல மனிதர். பஸ்ஸில் வரும்போது, "இன்னும் கொஞ்சம் பதமா சொல்லிருக்கலாம் பிரமி," என்றாராம். இதை என்னிடம் சொல்லும்போது இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்து முடித்ததும் அவள், "நம்பிக்கையெல்லாம் அப்படியேதான் கீதுக்கா. தெம்புதான் இல்ல," என்றாள்.

திருப்பதிச் சபைக்குப் போய்த் திரும்பும் பஸ்ஸில் ஒரு தடவை மொட்டைத் தலைகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டாள். பக்கத்து சீட்டு அம்மாள் வற்புறுத்தி ஒரு லட்டைக் கையில் வைத்துவிட்டார். இவர்கள் பிரசாதம் சாப்பிட மாட்டார்கள். வேண்டாமென்று சொல்லி அந்த அம்மாளின் முகம் வாடுவதையும் இவளால் பார்க்க முடியாது. புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்து என்னிடம் நீட்டினாள். "நூத்தி எழுவது கிராமு. கீழ வெக்க மனசு வரல, நீ துன்னுக்கா," என்றாள். அவளுக்கு ஒரு காபி போட்டுக் கொடுத்துவிட்டு நான் லட்டைத் தின்றேன்.

விடியற்காலை ஐந்து மணிக்கு மாடிப்படியில் உட்கார்ந்து ஜெபம் செய்வாள். நான் அந்நேரம் வாசல் தெளித்துக் கோலம் போட்டுக்கொண்டிருப்பேன். அவள் சொல்வது காதில் விழும். அந்த ஊர்க் குழந்தைகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லிக்கொண்டே போவாள். எனக்கு வாயில் நுழையாத பெயர்கள். பாதியில் குரல் நின்றுவிடும். நிமிர்ந்து பார்த்தால் சுவரில் தலை சாய்த்துத் தூங்கியிருப்பாள். "இன்னா பிரமிளா, சாமிகிட்ட பேசறப்போ தூங்கலாமா?" என்று ஒரு நாள் கிண்டல் செய்தேன். "அவரு ஒன்னும் கோச்சிக்க மாட்டாரு. என் டூட்டி இன்னான்னு அவருக்குத் தெரியும்," என்றாள்.

அந்த ஜெபத்தில் வரிசையின் கடைசிப் பெயர் எப்போதும் சந்தியாவுடையது. இந்த ஜூன் மாதம் அது முதலுக்கு வந்துவிட்டது. அதற்குப் பிறகு மற்ற பெயர்கள் வருவதில்லை.

காரணம் இதுதான். பத்தாவதுக்கு மேல் படிக்க அந்த ஏரிக்கரையில் பள்ளிக்கூடம் கிடையாது. அவர்களை அனுப்பும் சங்கத்தில், பிள்ளைகள் பத்தாவது முடித்தால் இந்தியாவில் விடுதியில் சேர்ப்பதுதான் வழக்கம். எத்தனையோ மிஷனரி வீடுகளில் நடந்தது இப்போது இவர்கள் வீட்டுக்கு வந்திருக்கிறது. சந்தியா இங்கே வந்த சமயத்தில் பத்தாவதை எழுதி முடித்துவிட்டாள். திருப்பதியில் ஹாஸ்டலோடு சேர்ந்த ஒரு ஜூனியர் காலேஜில் இடமும் கிடைத்துவிட்டது. அப்பாவும் அம்மாவும் போனால் இனி நான்கு வருஷம் கழித்துத்தான்.

சந்தியா ஆப்பிரிக்காவில் வளர்ந்த பெண். ஆனால் அவள் தமிழைக் கேட்டால் நாகலாபுரம் சந்தையில் காய் விற்றவள் என்றுதான் சொல்வீர்கள். அம்மாவின் வாயிலிருந்து மட்டுமே கற்ற தமிழ். கங்காதர நெல்லூர் சபையில் அவளைப் பாடச் சொன்னபோது வாயை இறுக மூடிக்கொண்டு நின்றாள். நாலு வயதிலிருந்து பாடுகிற பாட்டு. கடைசியில் பிரமிளாவே தனியாகப் பாடி முடித்தாள். வீட்டுக்கு வந்ததும், "பாடறதுக்கு மட்டும் கூட்டிக்கினு போறீங்க, அப்பறம் இங்கியே வுட்டுட்டுப் போறீங்க," என்று சந்தியா கத்தியது எனக்குக் கீழே கேட்டது.

கிஷோர் ஒரு யோசனை சொன்னார். "நீ ஒரு வருஷம் புள்ளயோட இரு பிரமி. நான் மட்டும் போறேன்." அப்போது நானும் அங்கே இருந்தேன். பிரமிளா துணி மடித்துக்கொண்டே, "நீங்க போயி? பொம்பளைங்க உங்க கையில புள்ளயக் குடுப்பாங்களா? எட கொறஞ்சா உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். அவர் தலைகுனிந்துகொண்டார். மறுநாள் பின்கட்டில் காலை வாளியில் வைத்துக்கொண்டு, "நான் பண்றது சரியாக்கா?" என்று என்னைக் கேட்டாள். என் மகனை விமானம் ஏற்றிவிட்டபோது நான் யாரிடமும் கேட்காத கேள்வி. எனக்கு அழுகை வந்துவிட்டது. காபி போடுகிறேன் என்று உள்ளே போய்விட்டேன்.

ஜூன் முதல் தேதி ஹாஸ்டலில் விடப் போனார்கள். கேட்டில் வைத்து பிரமிளா மகளை இரண்டு கையாலும் இடுப்பில் பிடித்து ஒரு சாண் தூக்கி இறக்கினாளாம். "நாப்பத்தி ஒன்னு," என்று சொல்லிவிட்டுத்தான் வந்தாள். மானமே போய்விட்டது என்று சந்தியாவுக்குக் கோபம், சுற்றிலும் அத்தனை பெண்கள். வீட்டுக்கு வந்து பிரமிளா அந்த எண்ணைக் காலண்டரில் எழுதி வைத்தாள்.

இதை நீங்கள் படிக்கும்போது அவள் மாமரத்தடியில் இருப்பாள். வியாழக்கிழமை விமானம். ஆளுக்கு இரண்டு பெட்டி, பெட்டிக்கு இருபத்து மூன்று கிலோ. நான்கு பெட்டிகளையும் கையாலேயே தூக்கிப் பார்த்து முடித்துவிட்டாள். போன தடவை ஆறு பெட்டி.

அதற்கு முந்தின ஞாயிறு ஹாஸ்டலில் பார்க்க விடும் நாள். நான்கு மணியிலிருந்து ஐந்து மணி வரை. நானும் கூடப் போனேன். புறப்படும்போது பிரமிளா கட்டி முடித்த பெட்டியைத் திறந்து அந்தத் தொக்கு டப்பாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டாள். புளிப்பொடி, பருப்புப்பொடி எல்லாமும் வெளியே வந்தன. "அங்க நாம இன்னாத்த துன்றது?" என்று கிஷோர் சிரித்துக்கொண்டே கேட்டார். "கஞ்சி," என்றாள்.

சந்தியா வேப்பமரத்தடி சிமென்ட் பெஞ்சுக்கு வந்து உட்கார்ந்தாள். சுடிதார் தோளில் நிற்காமல் சரிந்துகொண்டே இருந்தது. அதை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டாள். கிளாஸில் எல்லாம் தெலுங்கில்தான் பேசுகிறார்கள், ஆப்பிரிக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள், பரவாயில்லை, ஒருத்தி மட்டும் நல்லவள் என்றாள். கோபமாகப் பேசியிருந்தால்கூடத் தேவலை என்று இருந்தது எனக்கு. "நல்லா துன்றியா?" என்று கிஷோர் கேட்டார். "துன்றேன் நைனா," என்றாள். பிரமிளா அவள் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். கைக்கடிகாரம் முழங்கைப் பக்கம் வரைக்கும் போய் வந்துகொண்டிருந்தது.

ஐந்து அடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது எல்லோரும் கேட்டுக்கு வந்தோம். கிஷோர் மகளின் தலையில் கை வைத்து ஜெபித்தார். பாதியிலேயே ஆமென் சொல்லிவிட்டார். சந்தியா தானாகவே அம்மாவின் முன்னால் வந்து நின்று, இரண்டு கைகளையும் லேசாகத் தூக்கிக்கொண்டாள். இந்தத் தடவை சுற்றிலும் யார் இருக்கிறார்கள் என்று அவள் பார்க்கவில்லை.

பிரமிளா இடுப்பில் பிடித்துத் தூக்கினாள். கண்ணை மூடினாள். இறக்கினாள்.

"எவ்ளோம்மா?" என்றாள் சந்தியா.

பிரமிளா மறுபடியும் தூக்கினாள். நான் எண்ணுக்காகக் காத்திருந்தேன். வாட்ச்மேன் மணியை அடித்தார். மற்ற தாய்மார்கள் விலகி வழிவிட, பெண்கள் வரிசையாக உள்ளே போனார்கள். இரண்டாவது முறையும் மணி அடித்தது. சந்தியாவின் செருப்பு ஒன்று கழன்று தரையில் விழுந்தது. பிரமிளா அவளைக் கீழே இறக்கவில்லை.