இறக்கத்தில் இரண்டாவது கியர்

இறக்கத்தில் இஞ்சின் உறுமினால் என் கணவருக்கு வயிறு எரியும். தொண்ணூறுகளில் நாட்டின் தலைநகரில், ஆர்.கே.புரம் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் பழைய கார் வாங்கிய குமாஸ்தாக்கள் எல்லோருக்கும் அந்த வியாதி இருந்தது. மேம்பாலத்தின் உச்சி வந்ததும் நியூட்ரலில் தள்ளிவிட்டுச் சும்மா உருண்டு இறங்குவார்கள். யார் வண்டி எதுவரை உருண்டது என்று ஆபீஸ் கேன்டீனில் பீற்றல் வேறு. பெட்ரோல் மிச்சமாம். மண்ணாங்கட்டி!

நான் டிரைவிங் ஸ்கூலில் முறையாகக் கற்றவள். இறக்கத்தில் கியரைக் குறைத்தால் இஞ்சினே வண்டியை இழுத்துப் பிடிக்கும், கால் பிரேக்கை லேசாகத் தொட்டால் போதும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் சாவி என் கைக்கு வரும். மற்ற நாளெல்லாம் பஸ்ஸில் இடிபட்டு வேலைக்குப் போன எனக்கு அந்தக் கொஞ்ச நேரம்தான் உயிர். அதற்காக அவர் பேச்சையெல்லாம் விழுங்கிக்கொள்வேன்.

அந்த ஞாயிறு அவருடைய ஆபீஸ் நண்பரும் நண்பரின் மனைவியும் பின்சீட்டில் இருந்தார்கள். மலை மந்திர் கோயிலில் கும்பிட்டுவிட்டு லஜ்பத் நகருக்குக் கிளம்பினோம். மழை தூறிக்கொண்டிருந்தது. முதல் மேம்பாலத்தின் இறக்கத்தில் இரண்டாவது கியருக்கு மாற்றினேன்.

“பாருங்க சார், வண்டியை எப்படிக் கதற விடறா! அவங்க அப்பன் வீட்டுப் பெட்ரோலு,” என்றார் என் கணவர். நண்பர் சிரித்தார்.

“நியூட்ரல்ல போடுடி.”

“மாட்டேன். கீழ பஸ் நிக்குது.”

சட்டென்று கையை நீட்டி அவரே கியரை நியூட்ரலில் தட்டிவிட்டார். அவிழ்த்துவிட்ட மாடு மாதிரி வண்டி ஓடியது. பதறிப்போய் பிரேக்கை ஓங்கி மிதித்தேன். ஈர ரோட்டில் சக்கரங்கள் வழுக்க, பஸ்ஸின் பின்னால் போய் இடித்தோம். நல்லவேளை, யாருக்கும் அடியில்லை. பம்பர் மட்டும் நசுங்கியது.

கண்டக்டர் இறங்கி வந்து கத்தினார்.

“லேடீஸ் டிரைவர், பையா. க்யா கரேன்?” என்ன செய்வது என்று கையை விரித்தார் என் கணவர். கூடியவர்கள் சிரித்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

“நீங்கதானே கியரைத் தள்ளினீங்க?”

“நானா? சார், நீங்களே சொல்லுங்க.”

“நான் வெளியில பாத்துட்டு இருந்தேன்மா,” என்றார் நண்பர்.

அவர் மனைவியைப் பார்த்தேன். என் கணவரின் கை கியருக்குப் போனபோதே “ஐயோ, வேண்டாம் அண்ணா” என்று அலறியவள் அவள். இப்போது புருஷன் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

“நானும் கவனிக்கலை அக்கா.”

பாவி!

என் கணவர் சாவிக்குக் கையை நீட்டினார். “இனிமே ஸ்டியரிங் பக்கம் வந்துடாத.” கொடுத்தேன். நடுரோட்டில் வேறென்ன செய்வது?

அடுத்த மேம்பாலம் வந்தது. உச்சி தாண்டியதும் அவரே இரண்டாவது கியரைப் போட்டார். இஞ்சின் கதறக் கதற, மெதுவாக, பத்திரமாக இறங்கினோம்.

“சார் கை பட்டாத்தான் வண்டி சொன்னபடி கேக்குது,” என்றார் நண்பர்.

அவர் மனைவி ஆமாம் என்றாள்.